பதினொரு ஆண்டு படிப்பித்த பாடசாலையின் பெயர் எங்கே போனது?

கொழும்பில் இன்று சத்திரசிகிச்சை நிபுணராக இருக்கும் ஒருவரின் பெயர், நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் மண்டபச் சுவரில் பொன்னெழுத்தில் இருக்கிறது. உயர்தரம் அங்கேதான் படித்தார். அந்தப் பாடசாலை அவரைக் கொண்டாடுவது நியாயம். ஆனால் ஏடு தொடக்கிய காலத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதிய நாள் வரை அவர் படித்தது, கிளிநொச்சி நகருக்கு வெளியே, ஏ-9 வீதியிலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் வரும் எங்கள் பாடசாலையில். எங்கள் மண்டபத்தில் அவர் பெயர் இல்லை. அண்மைக்காலம் வரை அங்கே எவர் பெயருமே இல்லை.

ஆண்டு விழா மலருக்காகப் பழைய மாணவர் விவரங்களைத் திரட்டும் பொறுப்பை எங்கள் பழைய மாணவர் சங்கம் என்னிடம் தந்தது. நானும் அந்தப் பாடசாலையில் படித்தவன்தான். பிரதேச செயலகத்தில் கோப்புகளோடும் இடாப்புகளோடும் உத்தியோக காலம் முழுவதும் இருந்தவன் என்பதால் என்னைத் தெரிவுசெய்தார்கள். வேலை தொடங்கிய பிறகுதான் இது ஒரு மலரோடு முடிகிற காரியம் அல்ல என்று விளங்கியது. வன்னியில் வேறு பாடசாலைகளும் இதே முயற்சியில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு உதவும் என்றே எழுதுகிறேன்.

முதலில், பெயர்கள் ஏன் காணாமல் போகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். போரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இலங்கையின் அரச பாடசாலைகள் வகை பிரிக்கப்பட்டவை. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். வகை 2 சாதாரண தரத்தோடு நின்றுவிடும். நகரத்துக்கு வெளியே இருக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை பின்னைய இரண்டில் ஒன்று. எங்களுடையது 1சி. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் பிள்ளை பதினோராம் தரத்தோடு எங்களை விட்டுப் போயே ஆக வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் பத்திரிகையில் படம் வரும். கீழே உயர்தரம் படித்த பாடசாலையின் பெயர் வரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகள் அதற்கும் முன்னரே போய்விடுகிறார்கள். கையைப் பிடித்து எழுத்துப் பழக்கிய பாடசாலை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

இதில் பெருமை பேசும் ஆசையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறது. பெற்றோர் ஒரு பாடசாலையை எடைபோடுவது பெரும்பாலும் அங்கே படித்து வந்தவர்களின் பெயரை வைத்துத்தான். "அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து யார் என்னவாக வந்தார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், கடன்பட்டாவது வான் பிடித்துப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைப் பார்த்துத்தான் கிடைக்கும், அதுவும் குறைகிறது. கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் இல்லாமல் போனதும், இருக்கிற பெற்றோரும் போகிறார்கள். சுவரில் எழுதப்படாத பெயருக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

பிறகு இடப்பெயர்வு. வெளியூர்க்காரருக்கு இதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். 1991 இல் கிளிநொச்சியில் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 இல் சத்ஜய இராணுவ நடவடிக்கையோடு நகரமும் சுற்றுப்புறமும் வெறிச்சோடின. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போனது. 1997 இல் அந்தப் பிள்ளை முதலாம் தரம் சேர்ந்தது ஸ்கந்தபுரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில். கொட்டில் வேறு ஊரில் இருந்தாலும் பாடசாலை எங்களுடையதுதான். அதிபரும் ஆசிரியர்களும் கூடவே இடம்பெயர்ந்திருந்தார்கள். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம். இரவில் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஊர் திரும்பி, சொந்தக் கட்டடத்தில் இருந்து படித்து, 2007 டிசம்பரில் சாதாரண தரம் எழுதியது. உயர்தரத்துக்கு நகரத்துப் பாடசாலைக்கு மாறியது. 2008 இன் இறுதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓட்டம். 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தரப்பாள் கூரையின் கீழ் வகுப்பு. 2010 இல் வவுனியாவில் உயர்தரப் பரீட்சை. இந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையின் பழைய மாணவர்?

நாங்கள் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது. எங்கள் இடாப்பில் பெயர் ஏறி ஒரு தவணையாவது இருந்து படித்தவர் எங்கள் மாணவர். எங்கள் ஆசிரியர்கள் எங்கள் பெயரில் கொட்டில் போட்டுப் படிப்பித்த இடமும் எங்கள் பாடசாலையே. ஆனால் பெயரோடு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தரம் முதல் எந்தத் தரம் வரை என்று கட்டாயம் எழுத வேண்டும். அடுத்துப் படித்த பாடசாலையின் பெயரையும் அதே வரியில் எழுத வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்குச் சங்கத்துக்குள் எதிர்ப்பு வந்தது. "அவர்கள் எங்கள் பெயரைப் போடுகிறார்களா?" என்று கேட்டார்கள். போடாவிட்டாலும் நாங்கள் போட வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்: நகரத்துப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தார் எங்கள் வரைவைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தங்கள் பட்டியலில் இருந்த எங்கள் பிள்ளைகள் சிலரின் விவரங்களைத் தாங்களாகவே அனுப்பிவைத்தார்கள். உரிமை கொண்டாடப் போயிருந்தால் கதவு திறந்திருக்காது.

இனி ஆதாரங்கள். பாடசாலையின் உயிர் சேர்விடாப்பில் இருக்கிறது. வரவு இடாப்பு வருடத்தோடு போய்விடும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் மாணவர் பெயர் அதிகம் வராது. சேர்விடாப்பில்தான் சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், முன்னர் கற்ற பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். எங்களுடையதில் பழைய தொகுதிகள் இரண்டு மட்டும் தப்பின. எங்கள் காவலாளி ஐயா அவற்றை யூரியாப் பையில் சுற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், விசுவமடுவில் பங்கருக்குள் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு நகர்ந்திருந்தார். மீள்குடியேறிய பிறகு தானே போய்த் தோண்டி எடுத்து வந்தார். பட்டியலில் யார் பெயரை முதலாவதாக எழுதுவது என்ற கேள்வி வந்தபோது எனக்கு இரண்டாவது எண்ணமே வரவில்லை. அவரும் எங்கள் பழைய மாணவர்.

அந்த இடாப்பு நனைந்து காய்ந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மைப்பேனாவால் எழுதிய ஆண்டுகள் நீல நீலமாகக் கரைந்துவிட்டன. குமிழ்முனைப் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன. கரைந்த பக்கங்களை முதலில் கைவிட்டுவிட்டோம். பிறகு ஒரு விஞ்ஞான ஆசிரியர் வழி காட்டினார். பக்கத்தை யன்னலோரம் வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்தால், பேனா முனை அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். எல்லா வரியும் கிடைக்கவில்லை. அழுத்தி எழுதும் பழக்கமுள்ள ஓர் அதிபரின் காலத்துப் பக்கங்கள் ஏறக்குறைய முழுமையாக மீண்டன. ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம்; நன்றாக உலரும் வரை நிழலில் வைத்து, மெல்லிய தகட்டை நுழைத்து ஓரத்திலிருந்து விடுவியுங்கள். பிரித்த உடனே படம் எடுத்துவிடுங்கள். ஓரம் தூளாகிப் போனால் மறுபடி பார்க்கக் கிடைக்காது.

அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டு போனால் வன்னியின் குடியேற்ற வரலாறே கண்முன் வந்துவிடும். முன்னர் கற்ற பாடசாலை என்ற நிரலில் தொடக்க காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளாக இருக்கின்றன. இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி கிடைத்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 1977 கலவரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் இரத்தினபுரி, பலாங்கொடை, நுவரெலியா என்று வரத் தொடங்குகிறது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி, கூலி, கூலி என்று ஒரே சொல். 1995 இன் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த பிறகு மறுபடி குடாநாட்டுப் பெயர்கள். விலகிய காரணத்தில் ஓரிடத்தில் "தாய் நோய்வாய்ப்பட்டதால் வயல் வேலை" என்று ஓர் அதிபர் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பெண் இன்று எங்கள் பகுதியில் பெயர்போன விதைநெல் உற்பத்தியாளர். இடாப்பைப் பார்த்திராவிட்டால் அவர் எங்கள் மாணவி என்பதே எங்களுக்குத் தெரியவந்திராது.

இடாப்பு இல்லாத ஆண்டுகளுக்குப் புகைப்படம்தான் கதி. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பழைய வகுப்புப் படம் இல்லை. உயிர் தப்பினால் போதும் என்று விட்டுவிட்டு வந்த சனம். ஆனால் 80களில் வெளிநாடு போனவர்கள் தங்களோடு கொண்டுபோன படங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் அல்பங்களில் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறார்கள். படத்தின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் சில வேளை பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

அப்படி வந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி, வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் பழைய ரீச்சரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நான் கையில் இருந்த பெயர்களை வாசித்து, இவரைத் தெரியுமா, அவரைத் தெரியுமா என்று கேட்டபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசிப்பதை நிறுத்தி அவர் பாட்டுக்கு விட்டேன். விரலை இரண்டாவது வரிசையில் வைத்து, "தம்பி, இவன் மில்காரரின் மகன். பக்கத்தில் நிற்பவன் இரண்டாம் வாய்க்காலடிப் பிள்ளை. தகப்பன் நீர்ப்பாசனத்தில் வேலை. இந்தப் பிள்ளை சட்டைக்கு ஊசி குத்தியிருக்கிறது பார், பொத்தான் இல்லை. நான்தான் குத்திவிட்டேன்" என்றார். அந்த ஊசி படத்தில் இருந்தது. அதுவரை எங்கள் எவர் கண்ணிலும் பட்டதில்லை. அவருக்குப் பெயர்கள் வரவில்லை, வீடுகள் வந்தன. வீட்டைப் பிடித்தால் பெயரைக் கிராம அலுவலரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ கேட்டு எடுத்துவிடலாம். வயதான ஆசிரியர்களிடம் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "ஆம்" என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தவே பார்ப்பார்கள். படத்தைக் கொடுத்துவிட்டு, அனுமதி கேட்டு ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, பேசாமல் இருங்கள்.

எங்கள் வழக்கத்தில் இன்னொரு நல்ல ஆதாரம் கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலரில் அவரது வாழ்க்கை வரலாறு இருக்கும். ஆரம்பக் கல்வி எங்கே, இடைநிலைக் கல்வி எங்கே என்று முறையாக எழுதியிருப்பார்கள். உயிரோடு இருந்த காலத்தில் எந்தப் பட்டியலிலும் வராத ஆரம்பப் பாடசாலை அங்கேதான் வருகிறது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் ஏராளம். வன்னியில் ஒரு பிரதி கூட எஞ்சாத மலர் அங்கே கிடைக்கலாம். ஆனால் கல்வெட்டு பாசத்தோடு எழுதப்படுவது. பதவியும் பட்டமும் சற்று உயர்ந்துதான் இருக்கும். படித்த இடத்துக்கு அதை நம்பலாம், பதவிக்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். ஒரே பெயரில் இருவர் மூவர் வருவதும் சகஜம். தந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தாமல் எவரையும் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்திய விடயம் வேறு. முதல் வரைவு முடிந்ததும் இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடாப்பில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். வரைவில் அவர்களைக் காணவே இல்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தகவல் எங்களுக்கு வந்த வழி வெளிநாட்டுத் தொலைபேசிக் குழுக்கள். வெளிநாட்டில் உறவு இல்லாத வீட்டைப் பற்றி அந்தக் குழுக்களில் பேச எவரும் இல்லை. படித்தவன் சாதித்தானா என்பதைவிட, அவனைப் பற்றிச் சொல்ல வெளிநாட்டில் ஆள் இருந்ததா என்பதுதான் பட்டியலைத் தீர்மானித்திருந்தது. அதன் பிறகு நாங்கள் வீடு வீடாகப் போனோம். ஒரு தாதி, ஒரு கிராம அலுவலர், சட்டம் படித்த ஓர் இளம்பெண், பத்து ஏக்கரில் சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். "எங்களையும் தேடி வருகிறார்களா?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இலேசில் மறக்கப் போவதில்லை.

யாரைப் பெருமைக்குரியவர் என்பது? வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், வெளிநாடு என்ற அளவுகோல் எங்களுக்குப் பழகிப்போனது. அதை வைத்து அளந்தால் 1சி பாடசாலை எப்போதும் தோற்கும். 2009 க்குப் பிறகு இந்த மண்ணில் சனம் மறுபடி வயலில் இறங்க முடிந்ததற்குக் காரணம், வெயிலில் முழங்காலில் இருந்து ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக மிதிவெடி அகற்றியவர்கள். ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002 இலிருந்து இலங்கையில் இந்த வேலையைச் செய்கிறது. அதில் வேலை செய்தவர்களில் கணிசமானோர் வன்னிப் பெண்கள், பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமந்தவர்கள். எங்கள் மாணவிகளும் அவர்களில் உண்டு. சம்பளமே இல்லாமலும் பெயருக்குச் சம்பளம் வாங்கியும் இடப்பெயர்வுக் காலத்தில் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் உண்டு. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றார். அவரது முப்பது வயதில் பாடசாலை ஒரு பட்டியல் போட்டு மூடியிருந்தால் அவர் அதில் இருந்திருப்பாரா? ஆகவே பட்டியலை மூடாதீர்கள். எங்கள் பலகையில் பெயர்களைத் தனித்தனித் தகடுகளாகத்தான் பொருத்துகிறோம்.

படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இறந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் எங்கள் இடாப்பில் இருக்கிறார்கள். அவர்களைச் சாதனையாளர் பட்டியலில் சேர்ப்பதா, விடுவதா என்ற விவாதத்தில் நாங்கள் இறங்கவில்லை. மலரில் அவர்களுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்கினோம். பெயர், சேர்ந்த ஆண்டு, கடைசியாக இருந்த தரம், இவ்வளவுதான். எப்படி, எங்கே என்று எழுதவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயருக்கு முன்னால் "அமரர்" என்ற சொல்லைப் போடவே கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். தாய்மார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் காட்டிச் சம்மதம் வாங்கினோம்.

உயிரோடு இருப்பவர்களிடமும் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் "சரி" என்றால் போதாது. எழுதிய வரியை அப்படியே அனுப்பி, "இப்படித்தான் வரும்" என்று காட்டிவிடுங்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். வெளிநாட்டில் அகதி வழக்கு நடப்பவர், ஊரில் பழைய விடயங்கள் கிளறப்படுவதை விரும்பாதவர், காரணம் சொல்லாதவர் எல்லோரும் உண்டு. காரணம் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தோம். நன்கொடை தந்தவர் பெயரைப் பலகையில் போடச் சொல்லி வற்புறுத்தினால், நன்கொடையாளர் பலகை வேறு, இது வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இப்போது எங்கள் சேர்விடாப்பின் படங்களைப் பாடசாலைக் கணினியிலும் கொழும்பில் ஒருவரிடமும் வெளிநாட்டில் ஒருவரிடமும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பிறந்த திகதியும் பெற்றோர் விவரமும் இருப்பதால் அவற்றை இணையத்தில் போடுவதில்லை. மலரின் பிரதி ஒன்றை எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் சாதாரண தரம் எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகளிடம் ஒரு தாள் நிரப்பி வாங்குகிறோம். பெயர், வீடு, வாய்க்கால், தொடர்புக்கு உறவினர் ஒருவர், அடுத்து எங்கே படிக்கப் போகிறார் என்பவை அதில் இருக்கும். விடுகைப் பத்திரம் கொடுக்கும் மேசையிலேயே இந்தத் தாளையும் வையுங்கள். அன்று வாங்காவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிப்பது சிரமம். எங்கள் இடாப்பில் 1990 முதல் 1994 வரையான பக்கங்கள் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளின் வகுப்புப் படங்களைத் தேடி இப்போது ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.